ஐம்பதும் முப்பத்தேழும்: வெவ்வேறு காலக் கூடைப்பந்தாட்ட வீரர்களை ஒப்பிடுவது எப்படி?

முரசுமோட்டையில் இரணைமடுத் தண்ணீரை நம்பி விதைத்த ஒருவர் ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுத்தார் என்றும், ஒட்டுசுட்டான் பக்கம் வானத்தை நம்பி விதைத்த இன்னொருவர் பதினெட்டு மூட்டை எடுத்தார் என்றும் சொன்னால், முதலாமவர்தான் கெட்டிக்காரர் என்று வன்னியில் எந்தக் கமக்காரரும் உடனே தீர்ப்புச் சொல்ல மாட்டார். காலபோகமா சிறுபோகமா, வாய்க்கால் தண்ணீரா மழைத் தண்ணீரா, புதிய இனமா மொட்டைக்கறுப்பனா, பக்கத்து வயல்காரருக்கு எத்தனை மூட்டை கிடைத்தது என்று நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகுதான் அவர் வாய் திறப்பார். அதே கமக்காரரின் மகனோ, மாலையில் பாடசாலை மைதானத்துச் சீமெந்துத் தளத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே, வில்ட் சேம்பர்லேன் ஒரு பருவத்தில் சராசரியாக 50 புள்ளி எடுத்தார், மைக்கல் ஜோர்டனின் மிகக் கூடிய சராசரி 37 தான், ஆகவே சேம்பர்லேனே பெரியவர் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான். தகப்பனிடம் உள்ள அந்த நான்கு கேள்விகளை மகனுடைய வாதத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதையே இங்கு படிப்படியாக விளக்குகிறேன்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யின் ஆட்டங்களை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இது எழுதப்படுகிறது. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகிய மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது ரீபவுண்ட். சக வீரர் கூடையில் போடுவதற்கு ஏற்றவாறு பந்தைக் கொடுப்பது அசிஸ்ட். இவற்றுக்கு மேலாக ஒரு கொப்பி, ஒரு கணிப்பான், இடையிடையே இணைய இணைப்பு ஆகியவை தேவை. வீரர்களின் எண்களும் ஒவ்வொரு பருவத்துக்கான லீக் சராசரிகளும் பாஸ்கட்போல் ரெஃபரன்ஸ் என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீரரின் பக்கத்தை எல்லோரும் திறக்கிறார்கள். பருவத்தின் பக்கத்தைத் திறப்பவர்கள் மிகச் சிலரே. நமது வேலையின் பெரும்பகுதி அந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது.

முதற்படி: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"யார் பெரிய ஆள்?" என்பது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் கிடக்கின்றன. தன் மிகச் சிறந்த பருவத்தில் யார் அதிகம் சாதித்தார் என்பது ஒன்று. முழு விளையாட்டு வாழ்க்கையையும் கூட்டிப் பார்த்தால் யாருடைய கணக்கு நீளமானது என்பது இரண்டாவது. தன் அணியை வெல்ல வைத்தவர் யார் என்பது மூன்றாவது. விளையாட்டையே மாற்றியவர் யார் என்பது நான்காவது. இந்த நான்குக்கும் ஒரே பெயர் விடையாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருவர் மணிக்கணக்கில் சண்டை பிடிக்கும் இடங்களில், ஒருவர் முதலாவது கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருப்பதையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். எனவே கொப்பியின் முதல் வரியில், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. சேம்பர்லேனை இன்றைக்குக் கொண்டுவந்து விட்டால் என்ன செய்வார் என்பது அது. கதைப்பதற்குச் சுவையான கேள்விதான். ஆனால் கேட்பவர்கள் அதை ஒருபக்கமாகவே கேட்கிறார்கள். 1962 ஆம் ஆண்டு வீரரை இங்கே கொண்டுவருவதானால் இன்றைய சப்பாத்தும் உணவும் பயிற்சியும் மருத்துவமும் அவருக்கும் கிடைக்க வேண்டும். இன்றைய வீரரை அங்கே அனுப்புவதானால் அவை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இந்தக் கேள்வியை ஒதுக்கி வைப்பது நல்லது.

இரண்டாம் படி: அந்தக் காலத்து விதிகளை அறிந்துகொள்ளுங்கள்

ஒரு வீரரின் எண்ணைக் கையில் எடுப்பதற்கு முன், அவர் விளையாடிய ஆட்டம் எத்தகையது என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆட்டம் ஒன்றல்ல. 1950 நவம்பர் 22 ஆம் திகதி ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19 க்கு 18 என்ற கணக்கில் வென்றது. அது ஒரு காற்பகுதியின் கணக்கன்று. முழு ஆட்டத்தின் கணக்கு. பந்தை எவ்வளவு நேரமும் கையில் வைத்திருக்கலாம் என்ற விதி இருந்ததால், எதிரணியில் ஜோர்ஜ் மைக்கன் என்ற நெடிய வீரர் நிற்கும்போது, பந்தை விட்டுக்கொடுக்காமல் காலத்தைக் கடத்துவதே புத்திசாலித்தனமாக இருந்தது. 1954-55 பருவத்தில் 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி வந்தது. அந்த 24 எங்கிருந்து வந்தது என்பதும் அறிய வேண்டிய ஒன்று. விறுவிறுப்பான ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 தடவை எறிகின்றன என்று சிரகியூஸ் அணியின் உரிமையாளர் டானி பயசோன் கணக்கிட்டார். 48 நிமிடத்தின் 2,880 வினாடிகளை 120 ஆல் வகுத்தால் 24 வருகிறது.

கூடைக்குக் கீழேயுள்ள, எறியும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதி 1951 இல் 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமாக்கப்பட்டதற்கு மைக்கன் காரணம். 1964 இல் அது 16 அடியானதற்குச் சேம்பர்லேன் காரணம். ஒருவரைக் கட்டுப்படுத்துவதற்காகக் களத்தின் கோட்டையே நகர்த்தினார்கள் என்றால், அந்தச் செய்தியையும் அவருடைய பெருமைக் கணக்கில் நீங்கள் சேர்க்கத்தான் வேண்டும்.

மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.யில் 1979-80 பருவத்தில்தான் வந்தது. முதற்பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று தடவைகூட அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியவில்லை. இன்று 35 தடவைக்கு மேல் எறிகின்றன. 38,387 புள்ளிகள் எடுத்த கரீம் அப்துல் ஜபார் தன் வாழ்நாளில் போட்ட மூன்று புள்ளிக் கூடை ஒன்றே ஒன்று. ஸ்டெஃபன் கரி 2015-16 பருவத்தில் மட்டும் 402 போட்டார். இதை வைத்து ஜபாருக்குத் தூரத்திலிருந்து எறியத் தெரியாது என்று சொல்வது, ஆற்றங்கரையில் பிறந்தவனுக்குக் கடற்றொழில் தெரியாது என்று குறை சொல்வதைப் போன்றது. வேறொன்றையும் நினைவில் வையுங்கள்: நமது பாடசாலைத் தளங்களில் வரையப்படும் சர்வதேசக் கோடு 6.75 மீற்றர் தூரத்தில் இருக்க, என்.பி.ஏ. கோடு மேற்பகுதியில் 7.24 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. நமது ஆட்டம் 40 நிமிடம், அவர்களுடையது 48 நிமிடம். சர்வதேச ஆட்ட எண்களையும் என்.பி.ஏ. எண்களையும் ஒரே நிரலில் எழுதக் கூடாது.

பிற்காலத்தில் வந்த இரண்டு மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2001-02 முதல் ஆளுக்கு ஆள் காப்பதற்குப் பதிலாக இடத்தைக் காக்கும் பாதுகாப்பு அனுமதிக்கப்பட்டது. இது எறிபவருக்குச் சிரமம். 2004-05 முதல் வெளிவட்டத்தில் பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுத்துப் பிடிப்பதற்கு எதிரான விதி கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. இது எறிபவருக்கு வசதி. ஜோர்டன் காலம் கடினமானது என்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள். இன்றைய காலம் கடினமானது என்பவர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள்.

மூன்றாம் படி: நிமிடத்தையும் வேகத்தையும் கழித்துப் பாருங்கள்

இந்தப் படியை நான் வெட்கப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு மழை நேரத்தில் வகுப்பறைக் கரும்பலகையில் 50.4 என்றும் அதற்குக் கீழே 37.1 என்றும் எழுதி, சேம்பர்லேனின் 1961-62 பருவத்தையும் ஜோர்டனின் 1986-87 பருவத்தையும் பற்றிப் பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த வலைப்பந்தாட்டப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தி, "சேர், அந்தாள் எத்தினை நிமிசம் விளையாடினது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று விளங்கியது.

சேம்பர்லேன் அந்தப் பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 48.5 நிமிடம் விளையாடினார். 48 நிமிட ஆட்டத்தில் அது எப்படி முடியும் என்றால், மேலதிக நேரத்துக்குச் சென்ற ஆட்டங்களிலும் அவர் வெளியே வரவில்லை. பருவம் முழுவதிலும் அவர் களத்தில் இல்லாத நேரம் 8 நிமிடம் மட்டுமே. ஜோர்டன் விளையாடியது 40 நிமிடம். எனவே இருவரையும் 36 நிமிடம் என்ற ஒரே பொது அளவுக்கு மாற்றுவோம். 50.4 ஐ 48.5 ஆல் வகுத்து 36 ஆல் பெருக்கினால் 37.4 வருகிறது. 37.1 ஐ 40 ஆல் வகுத்து 36 ஆல் பெருக்கினால் 33.4 வருகிறது. பதின்மூன்று புள்ளி வித்தியாசம் நான்காகக் குறைந்துவிட்டது.

இனி வேகம். 1961-62 இல் ஓர் அணி ஆட்டமொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 119 புள்ளி எடுத்தது. 1986-87 இல் ஏறத்தாழ 110 எடுத்தது. 1961-62 இல் அணிகள் ஓடிவந்து உடனே எறிந்தன. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 108 தடவை எறிந்தது. சேம்பர்லேனின் 37.4 ஐ 110 ஆல் பெருக்கி 119 ஆல் வகுத்தால் 34.6 கிடைக்கிறது. ஆக, கரும்பலகையில் 50 க்கு 37 என்று நின்ற கணக்கு, கொப்பியில் 34.6 க்கு 33.4 என்று வந்து நிற்கிறது. அப்போதும் சேம்பர்லேன் முன்னால்தான் நிற்கிறார். ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமன்று அது. (இரு பருவங்களிலும் இவர்களைப் பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளிலிருந்து வெளியே அனுப்பியது பொஸ்டன் செல்டிக்ஸ் அணியே என்பது தனிக்கதை.)

பயிற்சிக்காகக் கோபி பிரையன்டின் 2005-06 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 41 நிமிடம் விளையாடி 35.4 புள்ளி எடுத்தார். அப்போது ஓர் அணியின் சராசரி 97 புள்ளி மட்டுமே. மேலேயுள்ள முறைப்படி 110 புள்ளி உலகத்துக்கு மாற்றினால் அவருக்கு 35.3 வருகிறது. கோபியின் ரசிகர்கள் இந்த விடையைக் கண்டதும் துள்ள வேண்டாம். ஒரு புள்ளி, அரைப் புள்ளி வித்தியாசத்தைத் தீர்ப்பாக எடுக்கும் அளவுக்கு இந்த முறை நுட்பமானதன்று. மூவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. அதோடு, 36 நிமிடத்துக்கு மாற்றும்போது சேம்பர்லேனின் உடல் உரத்தை நாம் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. களைப்பில்லாமல் 48 நிமிடம் நின்றதும் ஒரு திறமைதான். அதை ஒரு குறிப்பாகப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: பக்கத்து வயலைப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது என்பது என் எண்ணம். ஒருவரை இன்னொரு காலத்தவரோடு ஒப்பிடுவதற்கு முன், அவரைத் தன் காலத்தவரோடு ஒப்பிட வேண்டும். கிரிக்கெட்டில் டொன் பிரட்மன் இன்றைய பந்துவீச்சை எப்படி எதிர்கொள்வார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய டெஸ்ட் சராசரி 99.94 ஆக இருக்க, அவருக்கு அடுத்து நிற்பவர்கள் 60 ஐ ஒட்டியே நிற்கிறார்கள் என்பது தெரியும். நமக்கு வேண்டியது அந்த இடைவெளி.

கூடைப்பந்தாட்டத்தில் இதைக் காட்டுவதற்கு ஒஸ்கார் ரொபேர்ட்சனையும் ரசல் வெஸ்ட்புரூக்கையும் விடச் சிறந்த சோடி எனக்குக் கிடைக்கவில்லை. 1961-62 பருவத்தில் ரொபேர்ட்சன் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். மூன்றிலும் இரட்டை இலக்கம். இதை இன்று டிரிபிள் டபுள் என்கிறோம், அந்தச் சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. பருவம் முழுவதற்கும் இப்படி ஒரு சராசரியை எடுத்த அடுத்த ஆள் 55 ஆண்டுகளுக்குப் பிறகே வந்தார்: 2016-17 இல் வெஸ்ட்புரூக், 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட். எண்களைப் பார்த்தால் அண்ணனும் தம்பியும் போல இருக்கின்றன.

முதலில் ரீபவுண்டை எடுப்போம். பந்து கூடைக்குள் விழாமல் தவறினால்தான் ரீபவுண்ட் உண்டு. 1961-62 இல் ஓர் அணி 108 தடவை எறிந்து, அவற்றில் ஏறத்தாழ 43 வீதத்தை மட்டுமே கூடையில் போட்டது. ஆகவே ஓர் அணிக்கு 60 க்கு மேற்பட்ட எறிதல்கள் தவறின. 2016-17 இல் ஓர் அணி 85 தடவை எறிந்து ஏறத்தாழ 46 வீதத்தைப் போட்டது. தவறியவை 46 அளவில்தான். பொறுக்குவதற்குக் கிடந்த பந்துகளே குறைவு. அதோடு ரொபேர்ட்சன் 44 நிமிடமும் வெஸ்ட்புரூக் 35 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் விளையாடினர். எனவே ரீபவுண்டில் வெஸ்ட்புரூக்கின் 10.7 ரொபேர்ட்சனின் 12.5 ஐ விடக் கனமானது என்று தயங்காமல் எழுதலாம்.

அடுத்தது எறிதலின் பயன். இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்து ட்ரூ ஷூட்டிங் என்று சொல்வார்கள். எதிரணி தவறிழைத்தால் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் எறிதல் ஃப்ரீ த்ரோ. ஒருவர் எடுத்த ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி, அதைச் சாதாரண எறிதல்களின் எண்ணிக்கையோடு கூட்டி, வரும் தொகையை இரண்டால் பெருக்கி, அதனால் அவர் எடுத்த புள்ளிகளை வகுக்க வேண்டும். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டு சேர்ந்து வருவதாலும், சில வேளை கூடை விழுந்த பிறகு ஒன்று மேலதிகமாக வருவதாலும் 0.44 என்ற எண் பயன்படுகிறது. ரொபேர்ட்சன் அந்தப் பருவத்தில் ஆட்டமொன்றுக்கு 22.9 தடவை எறிந்து 11 ஃப்ரீ த்ரோ எடுத்தார். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 55 வீதம் வருகிறது. வெஸ்ட்புரூக் 24 தடவை எறிந்து 10.4 ஃப்ரீ த்ரோ எடுத்தார்; அவருக்கும் ஏறத்தாழ 55 வீதம். அச்சுப் பிசகாமல் ஒரே எண்.

இப்போது பக்கத்து வயலைப் பாருங்கள். 1961-62 இல் லீக் முழுவதினதும் சராசரி ஏறத்தாழ 48 வீதம். 2016-17 இல் ஏறத்தாழ 55 வீதம். அதாவது ரொபேர்ட்சன் தன் காலத்துச் சராசரி ஆட்டக்காரரை விட ஏழு வீதம் மேலே நின்றார். வெஸ்ட்புரூக் தன் காலத்துச் சராசரியோடு சரிசமமாக நின்றார். ஒரே பதினெட்டு மூட்டை, ஆனால் ஒருவருக்கு ஊரே வாடிய ஆண்டில் கிடைத்தது, மற்றவருக்கு ஊரெல்லாம் பதினெட்டு எடுத்த ஆண்டில் கிடைத்தது. ரீபவுண்டில் சுருங்கிய ரொபேர்ட்சன் இங்கே உயர்ந்துவிட்டார். அசிஸ்டிலோ இருவரும் அந்தந்தக் காலத்துச் சராசரி அணியின் மொத்த அசிஸ்டில் ஏறத்தாழப் பாதி அளவைத் தனியாகக் கொடுத்தார்கள். காலத்துக்கேற்பத் திருத்துவது என்றால் பழையவரை எப்போதும் குறைப்பது என்று எண்ணிக்கொள்பவர்களுக்கு இந்தச் சோடியைக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: எண்ணப்படாதவற்றைத் தேடுங்கள்

எதிரணியின் எறிதலைத் தட்டிவிடும் பிளொக்கும், பந்தைப் பறிக்கும் ஸ்டீலும் என்.பி.ஏ.யில் 1973-74 பருவத்திலிருந்தே பதிவு செய்யப்படுகின்றன. பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசல் 1969 இல் ஓய்வு பெற்றார். சேம்பர்லேன் 1973 இல். பிளொக்குக்குப் பெயர் பெற்ற இவ்விருவருடைய அட்டவணையிலும் அந்த நிரல் வெறுமையாகக் கிடக்கிறது. வெறுமையை பூச்சியம் என்று வாசித்துவிடாதீர்கள்.

ரசலின் வாழ்நாள் சராசரி 15 புள்ளி அளவில்தான். புள்ளியை மட்டும் எண்ணினால் அவர் பட்டியலிலேயே வர மாட்டார். இதை நம் பிள்ளைகளுக்கு விளக்க வலைப்பந்தாட்டம் உதவும். இலங்கை அணியில் தர்ஜினி சிவலிங்கம் போட்ட கோல்களை நாம் எல்லோரும் எண்ணினோம். பந்தை இரண்டு மீற்றருக்கு மேல் உயர்ந்த அவருடைய கைக்கு ஏற்றவாறு கொண்டுபோய்ச் சேர்த்த நடுக்கள வீராங்கனைகளுக்குக் கோல் நிரலில் பூச்சியம்தான், ஏனெனில் அந்த இடத்தில் நிற்பவர் எறியவே விதி இடம் தருவதில்லை. வலைப்பந்தாட்டம் விளையாடிய பிள்ளைகளுக்கு ரசலின் பெருமை ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்த பெடியன்களுக்குத்தான் நேரம் எடுக்கிறது.

ஆறாம் படி: கிண்ணங்களையும் விருதுகளையும் அவற்றின் காலத்தோடு எண்ணுங்கள்

ரசல் 13 பருவங்களில் 11 தடவை சம்பியன், ஜோர்டன் 6, ஜபார் 6, லெப்ரோன் ஜேம்ஸ் 4. ரசல் வந்தபோது லீக்கில் 8 அணிகள் மட்டுமே இருந்தன. பிரிவில் முதலிடம் பெற்ற அணி இரண்டு தொடர்களை வென்றால் கிண்ணம் கைக்கு வந்தது. இன்று 30 அணிகள். நான்கு தொடர்களை, ஒவ்வொன்றிலும் நான்கு ஆட்டங்களாக, வெல்ல வேண்டும். அதனால் ரசலின் 11 மலிவானது என்று முடிவு கட்டுவதற்கு முன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டு ஒன்பது அணிகளுக்குள் திறமையெல்லாம் அடங்கிக் கிடந்ததால் சேம்பர்லேன் போன்றவரை ஆண்டுக்குப் பல தடவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தோற்றால் வெளியேற வேண்டிய ஏழாவது ஆட்டங்கள் பத்தில் விளையாடி, ரசல் பத்தையும் வென்றார். நான் ரசலின் 11 ஐ 11 ஆக எண்ணுவதில்லை. ஆனால் 6 ஐ விடக் குறைவாகவும் எண்ணுவதில்லை.

விருதுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது 1969 இல்தான் தொடங்கியது; அதுவே ரசலின் கடைசிப் பருவம். அந்த முதல் விருது தோற்ற லேக்கர்ஸ் அணியின் ஜெரி வெஸ்டுக்குக் கொடுக்கப்பட்டது. ஆக, 11 கிண்ணம் வென்றவரின் கணக்கில் அந்த விருது ஒன்றுகூட இல்லை. 2009 முதல் அந்த விருதுக்கே அவர் பெயர்தான். பருவத்தின் பெறுமதிமிக்க வீரரை 1979-80 வரை வீரர்களே வாக்களித்துத் தெரிவு செய்தார்கள். அதன் பிறகு ஊடகவியலாளர்கள் தெரிவு செய்கிறார்கள். சேம்பர்லேன் 50 புள்ளியும் ரொபேர்ட்சன் டிரிபிள் டபுளும் எடுத்த அதே 1961-62 பருவத்தில், அவர்களோடு மோதிய வீரர்கள் வாக்களித்தது ரசலுக்கு.

ஜோர்டனும் லெப்ரோனும் மோதும் வாதத்தில் அடிக்கடி எறியப்படும் கல் ஒன்று உண்டு: ஜோர்டன் இறுதித் தொடரில் ஆறுக்கு ஆறு, லெப்ரோன் பத்தில் நான்கு. இந்தக் கல்லைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி. ஊர்ச் சுற்றுப்போட்டியில் இறுதியாட்டத்தில் தோற்ற அணி பெரிதா, முதற்சுற்றிலேயே வீட்டுக்குப் போன அணி பெரிதா? ஜோர்டன் தன் முதல் மூன்று பருவங்களிலும் முதற்சுற்றில் வெளியேறினார். அந்தத் தோல்விகள் "ஆறுக்கு ஆறு" என்ற கணக்கில் மறைந்துவிடுகின்றன. ஜோர்டனே மேலானவர் என்று வாதிட பருவத்தில் மிகக் கூடிய புள்ளிச் சராசரி எடுத்தவருக்கான பட்டத்தை அவர் பத்துத் தடவை வென்றதும் 30.1 என்ற வாழ்நாள் சராசரியும் தாராளமாகப் போதும். இந்தக் கல் தேவையில்லை.

வாழ்நாள் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 பெப்ரவரி 7 ஆம் திகதி லெப்ரோன் ஜபாரின் 38,387 ஐத் தாண்டினார். லெப்ரோன் பாடசாலை முடித்து 18 வயதில் நேரே லீக்குக்கு வந்தவர். ஜபார் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கழித்து 22 வயதில் வந்தவர். ஜோர்டன் உச்சத்தில் இருந்தபோதே இடையில் விலகியிருந்தவர். யார் எந்த வயதில் தொடங்கினார் என்பதையும் தொகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஏழாம் படி: முழு ஆட்டம் ஒன்றையாவது பாருங்கள்

சேம்பர்லேன் 1962 மார்ச் 2 ஆம் திகதி ஹேர்ஷி நகரில் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தின் காணொளி எதுவும் இல்லை. பழைய வீரர்களின் மங்கலான துண்டுகளையும் இன்றைய வீரர்களின் பளிச்சென்ற துண்டுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், படத்தின் தரத்தை ஆட்டத்தின் தரமாக எடுத்துக்கொள்கிறார். மூன்று நிமிடத் துண்டில் யாரும் தவறுவதில்லை, யாரும் களைப்பதுமில்லை. ஆகவே, இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தில் ஒவ்வொருவருடைய முழு ஆட்டம் ஒன்றையாவது தரவிறக்கி வைத்து, பத்து நிமிடத்துக்குப் பந்தை விட்டுவிட்டு அந்த வீரரை மட்டும் பாருங்கள். பந்து கையில் இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார், எதிரணி எத்தனை பேரை அவர் பக்கம் அனுப்புகிறது, தவறிய பிறகு திரும்பி ஓடுகிறாரா நடக்கிறாரா என்பவை எந்த அட்டவணையிலும் இல்லை.

எட்டாம் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரு வீரருக்கு ஒரு தாள் போதும். மேலே கேள்வி, அடுத்து அவருடைய சிறந்த பருவத்தின் எண்கள், நிமிடங்கள், அந்தப் பருவத்தின் லீக் சராசரி, அடுத்து அந்த இடைவெளி, அடுத்து அந்தக் காலத்து விதிகள், எண்ணப்படாதவை, அணிகளின் எண்ணிக்கை, கடைசியாக நீங்கள் நேரில் பார்த்துக் குறித்தவை. இரண்டு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்த பிறகு உங்கள் தீர்ப்பையும், எதற்கு அதிக கனம் கொடுத்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதி, கீழே திகதியைப் போடுங்கள். ஓய்வு பெற்றவரின் தாளைப் பேனாவால் எழுதலாம். இன்னும் விளையாடிக்கொண்டிருப்பவரின் தாளைப் பென்சிலால் எழுதுங்கள்.